அண்ணன் மகளைத் தத்தெடுத்துக் கூட்டிட்டு வரணும்: வியாழக்கிழமை பத்திரப் பதிவு, அவசரம்

மஞ்சக்குப்பம்_மருமகள்:
வணக்கம். நாங்க இங்க வந்து மூணு மாசம் ஆகுது. வீட்டுக்காரரோட அண்ணன் மகளைத் தத்தெடுக்கிறோம். அண்ணி தவறிட்டாங்க, அண்ணனால பார்த்துக்க முடியல. பாப்பா இப்போ கடலூர்ல என் மாமியார்கிட்ட இருக்கா. வியாழக்கிழமை சார் பதிவாளர் ஆபீஸ்ல தத்துப் பத்திரம் பதிய டோக்கன் போட்டாச்சு, மாமியார் பேருக்குப் பவர் அனுப்பிட்டோம். பத்திரம் கைக்கு வந்ததும் விசாவுக்கு எத்தனை நாள் ஆகும்? பாண்டியில பாஸ்போர்ட் எடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வில்லியனூரான்:
பாண்டின்னா பிரான்ஸ்தானே? அங்க முதல்ல அக்ரெமான் (தத்தெடுக்கலாம்னு அரசு தர்ற அனுமதி) வாங்கணும். மாவட்ட கவுன்சில்ல மனு, சமூகப் பணியாளர் விசாரணை, மனநல விசாரணை எல்லாம் சேர்த்து முடிவு வர 9 மாசம் வரை. கிடைச்சா 5 வருஷம் செல்லும், வருஷா வருஷம் உறுதிப்படுத்தணும். 2022 சட்டத்துக்கு அப்புறம் ஏஜென்சி இல்லாம வெளிநாட்டுக்கு நேரா போய்த் தத்தெடுக்க முடியாது.

டெக்சாஸ்_தம்பி:
பிரான்ஸ்னு அவங்க எங்க சொன்னாங்க? அக்கா, கவலைப்படாதீங்க. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டத்துல பதிவான பத்திரமே போதும், கோர்ட்டெல்லாம் வேண்டாம். முதல்ல டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டு வந்துடுங்க, மத்ததை இங்க பார்த்துக்கலாம்.

சில்வர்பீச்:
தம்பி, ஆளை மாட்டி விடாதீங்க. இங்கயே வளர்க்கப் போற குழந்தையைச் சுற்றிப் பார்க்க வருதுன்னு தூதரகத்துல சொன்னா அது பொய்த் தகவல். அந்தக் குறிப்பு ஃபைல்ல ஏறினா பின்னால வர்ற எல்லா விசாவையும் இழுத்துடும். பத்திரம் மட்டும் போதும்ங்கிறதும் தப்பு. குழந்தை நாட்டை விட்டுப் போகணும்னா காராவோட (மத்திய அரசோட தத்தெடுப்பு அமைப்பு) தடையில்லாச் சான்று வேணும். அதுக்கு மாவட்ட ஆட்சியர் சரிபார்ப்பும், போற நாடு 'இந்தக் குழந்தையை உள்ளே விடுவோம்'னு தர்ற கடிதமும் வேணும். நாடு விட்டு நாடு தத்தெடுக்கிறதுக்கான ஹேக் உடன்படிக்கையில 2003-ல இருந்து இந்தியா இருக்கு. அக்கா, எந்த நாடு, என்ன விசா, அதைச் சொல்லுங்க முதல்ல.

எடிசன்_ஆச்சி:
மூணே மாசமாம்மா? முதல் குளிர்காலம் போகட்டும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர், கிரெடிட் ஸ்கோர், வீட்டு அக்ரிமென்ட், ரெண்டு பேருக்கும் டிரைவிங் லைசென்ஸ், இதெல்லாம் முடியறதுக்குள்ள மூச்சு முட்டிடும். குழந்தைக்கு டே கேர் வெயிட்டிங் லிஸ்ட் வேற. ஜனவரியில புதுசா எதையும் ஆரம்பிக்கவே கூடாது.

டெக்சாஸ்_தம்பி:
ஆச்சி, அவங்க கேட்டது அது இல்ல.

எடிசன்_ஆச்சி:
கேட்காததும் தேவைப்படும்.

வில்லியனூரான்:
இதைவிடப் பெரிய கூத்து இனிஷியல். பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல முதல் பெயர் இடத்துல 'எஃப்என்யூ'ன்னு (முதல் பெயர் தெரியலன்னு அர்த்தம்) அடிச்சிடுவான். அப்புறம் பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லா இடத்துலயும் நம்மாளு பேரு எஃப்என்யூ. ஒரு எழுத்தை விரிச்சு எழுதாத பாவம்.

சில்வர்பீச்:
ஆமா, அதைப் பத்தி ஆரம்பிச்சா விடிஞ்சிடும்.

மஞ்சக்குப்பம்_மருமகள்:
மன்னிக்கணும், பதட்டத்துல சொல்ல விட்டுட்டேன். நியூ ஜெர்சி. அவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து வர்ற எச்-4. பாப்பாவுக்கு மூணு வயசு. எங்களுக்கு ஒரு பையன் இருக்கான். அண்ணன்னா கூடப் பிறந்தவர் இல்ல, அவரோட பெரியப்பா மகன்.

சில்வர்பீச்:
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்மா. நம்ம வீட்டுல அவர் அண்ணன்தான், சட்டத்துல அப்படி இல்ல. சிறார் நீதிச் சட்டம் 2015-ல 'உறவினர்'னா குழந்தையோட அப்பா கூடப் பிறந்தவங்க, அம்மா கூடப் பிறந்தவங்க, ரெண்டு பக்கத் தாத்தா பாட்டி, அவ்வளவுதான். கூடப் பிறந்த அண்ணன் மகள்னா உறவினர் வழியில மாவட்ட ஆட்சியர் உத்தரவு வாங்கலாம் (2022 செப்டம்பர்ல இருந்து கோர்ட் இல்ல, ஆட்சியர்தான்). பெரியப்பா மகனோட குழந்தைக்கு அந்த வழி அடைப்பு. மிச்சம் இருக்கிறது 1956 சட்டம். உங்களுக்கு மகள் இல்லாததால அது இடம் கொடுக்கும். பையன் ஒரு தடை இல்ல.

அமெரிக்கா பக்கம்தான் முட்டுது. ஹேக் வழியில தத்தெடுக்க அங்க முதல்ல போடற ஐ-800ஏ மனுவுக்குத் தம்பதியில ஒருத்தராவது அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரா இருக்கணும். எச்-1பி-க்கும் கிரீன் கார்டுக்கும் அது கிடையாது. அதனால காரா கேட்கிற கடிதம் உங்களுக்கு வராது. எச்-4-ல கூட்டிட்டு வரணும்னா 16 வயசுக்குள்ள தத்தெடுத்திருக்கணும், சட்டப்படி உங்க பொறுப்புலயும் உங்களோட ஒரே வீட்டுலயும் ரெண்டு வருஷம் குழந்தை இருந்திருக்கணும். பாட்டி வீட்டுல இருந்தது கணக்குல வராது.

டெக்சாஸ்_தம்பி:
அப்போ கார்டியன்ஷிப்?

சில்வர்பீச்:
1890 காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்துல வாங்கலாம். எச்-4-க்குச் சொன்ன ரெண்டு வருஷச் சட்டப் பொறுப்பு அந்த உத்தரவுத் தேதியிலிருந்தே ஓட ஆரம்பிக்கும், அது லாபம். ஆனா கார்டியன்ஷிப்பை மட்டும் வெச்சு எச்-4 கிடையாது.

அக்கா, வியாழக்கிழமையை நிறுத்துங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, 1956 சட்டம் குழந்தையைக் கொடுக்கிறதும் வாங்கறதும் நிஜமா நடக்கணும்னு சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் நியூ ஜெர்சியில இருக்க, பவரை வெச்சு மாமியார் கையெழுத்துப் போட்டா அந்த இடத்துலதான் முதல் கேள்வி விழும். ரெண்டு, செல்லுபடியாகிற தத்தெடுப்பை யாரும் ரத்து பண்ண முடியாது. விசா வரலைன்னாலும் பாப்பா சட்டப்படி உங்க மகள், அண்ணனுக்கு உரிமை போயிடும்.

ரெண்டு வருஷம் உங்கள்ல ஒருத்தர் கடலூர்ல பாப்பாவோட இருக்க முடியுமான்னு வீட்டுல பேசுங்க. முடியும்னா அமெரிக்கக் குடியேற்ற வக்கீல், கடலூர் வக்கீல் ரெண்டு பேரையும் கலந்துட்டு அப்புறம் பத்திரத் தேதி குறிங்க.

மஞ்சக்குப்பம்_மருமகள்:
அழுகையா வருது அண்ணா. சரி, டோக்கனை ரத்து பண்ணச் சொல்லிட்டேன். இப்போதைக்கு எந்தப் பேப்பரைச் சேர்த்து வெக்கலாம்? எங்க கல்யாணம் திருவந்திபுரத்துல, கோயில் ரசீது இருக்கு. பாப்பா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில பிறந்தா.

சில்வர்பீச்:
கோயில் ரசீது இங்க செல்லாது, சார் பதிவாளர் தர்ற திருமணப் பதிவுச் சான்று வேணும். அண்ணியோட இறப்புச் சான்று ரெண்டு மூணு பிரதி வாங்குங்க. அது இருந்தாத்தான் அண்ணன் ஒருத்தரோட சம்மதம் போதும். ஜிப்மர்னா பிறப்புச் சான்று உழவர்கரை நகராட்சியிலதான் இருக்கும். அப்போஸ்டிலுக்கு (வெளிநாட்டுல செல்ல வெளியுறவுத் துறை போடற முத்திரை) முன்னாடி செய்ய வேண்டிய மாநிலச் சரிபார்ப்பு புதுச்சேரி அரசுல. கடலூர்ல வாங்கற பேப்பருக்கு சென்னை. ரெண்டையும் ஒரே கட்டா ஏஜென்டுகிட்ட கொடுத்தா பாதி திரும்பி வரும்.

பாப்பாவோட பிறப்புச் சான்றுல அண்ணன் பேரு இனிஷியலோட இருக்கா, விரிச்சு இருக்கா? ஆதார்ல எப்படி இருக்கு? மாமியாரை ரெண்டையும் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. திருத்தணும்னா உழவர்கரைக்கு அண்ணனே நேர்ல போகட்டும்.