புதுப்பிப்பு: 9 எம்எம் பித்தளைத் தோட்டாக் கேஸ்ல விரிசல், விடை கிடைச்சிருச்சு

டெக்சாஸ்ல இருக்க எங்க மச்சானுக்காக மதுரையிலிருந்து நான்தான் கேட்டிருந்தேன், ரேஞ்ச்ல (துப்பாக்கி சுட்டுப் பழகுற இடம்) பொறுக்குன 9 எம்எம் கேஸ்ல (சுட்டதுக்கப்புறம் மிஞ்சுற தோட்டாக் கூடு) எதை மறுபடி லோடு பண்ணலாம், எதைக் கழிக்கணும்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. (நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம இந்த வேலையே கூடாது, யாரும் இங்க முயற்சி பண்ணிராதீங்க.)

வேலை செஞ்சது சத்தம் வச்சுப் பாக்கச் சொன்ன அண்ணன் யோசனைதான். நாலஞ்சு கேஸைக் கையில அள்ளிக் குலுக்குனா நல்லது கணீர்னு கேக்குது, வாய்ப்பக்கம் கீறல் விட்டது ஒன்னு கலந்திருந்தாலும் சத்தம் சொத்தைனு வருது, பாத்திரக்கடையில குடத்தைத் தட்டிப் பாப்போம்ல அதே கதைதான். மச்சான் வீடியோ கால்ல குலுக்கிக் காட்டும்போது எனக்கே வித்தியாசம் தெரிஞ்சுச்சு, அந்தக் கேஸ்ல முடி மாதிரி கோடு, நகத்துல தடவுனாதான் தட்டுப்படுமாம்.

காந்தத்துல ஒட்டுனது இரும்பு, போச்சு. டார்ச் அடிச்சு உள்ள பாத்து நடுவுல ஒத்த ஓட்டை இருந்தா பாக்ஸர்ங்கிற வகை, மறுபடி லோடு பண்ணத் தோதானது, வச்சுக்கிட்டாரு, ரெண்டு சின்ன ஓட்டைன்னா பெர்டன்ங்கிற வகை, அதுக்குத் தோதில்லை, ஒதுக்கிட்டாரு.

எதிர்பார்க்காதது, குவியலுக்குள்ள 380 ஏசிபிங்கிற வேற வகைத் தோட்டாவோட கேஸும் கலந்து கெடந்துச்சு, அதோட நீளம் 17 மில்லிமீட்டர் சொச்சம், 9 எம்எம் கேஸோட நீளம் 19 மில்லிமீட்டர் சொச்சம், நிறுத்தி வச்சா குட்டையா தெரியுது.

கழுவ அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேணாம், பித்தளையில விரிசல் விழ வச்சிரும். வெள்ளைக்காரன் காலத்துல நம்ம நாட்டுல மழைக்காலத்துக்குக் குதிரை லாயத்துல வச்ச தோட்டாக் கேஸெல்லாம் குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியாவாலதான் விரிசல் விட்டுச்சு.