கல்லறையில் "எ ய அ" என்று இருக்கிறது. இது எந்த ஆண்டு? இதற்கு முந்தைய தலைமுறையை எங்கே தேடுவது?

தெற்குத்தெரு (கேள்வி)

வணக்கம். நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு சி.எஸ்.ஐ. சபையின் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல் இருக்கிறது. பெயர் தெளிவாகத் தெரிகிறது, தகப்பனார் பெயர் இல்லை. கீழே வாசிக்க முடிந்தது இவ்வளவுதான்: "கொல்லம்" என்ற சொல், ஒரு சுழித்த எழுத்து, பிறகு எ ய அ. அடுத்த வரியில் சுபகிருதுவோ சோபகிருதுவோ, பக்கத்தில் ஒரு குறி, பிறகு "ஆனி", இன்னொரு குறி. கடைசியில் "வயது", அதன் பின்னால் சு ய உ. மற்றவை சுண்ணாம்புப் பூச்சில் மூழ்கிவிட்டன.

வீட்டில் வேறு இருப்பவை: அட்டையில் ஒட்டிய ஒரு பழைய படம் (நாற்காலியில் வயதான அம்மா ஒருவர்), 1950களின் ஒரு கிரயப் பத்திர நகல். அவருடைய தகப்பனார், பாட்டனார் பெயர்வரை போக வழி உண்டா?

பழங்கணக்கு

அவை எழுத்துகள் அல்ல, தமிழ் எண்கள். சுழித்திருப்பது ௲, அதாவது ஆயிரம். எ போலிருப்பது ௭, ய போலிருப்பது பத்தைக் குறிக்கும் ௰, அ போலிருப்பது ௮. சேர்த்தால் ௲௭௰௮, கொல்லம் (கேரள, திருவிதாங்கூர்ப் பக்கத்து ஆண்டுக் கணக்கு) 1078. வயது ௬௰௨, அதாவது 62. ஆண்டுப் பெயரை ஒட்டிய குறி ௵, ஆனியை ஒட்டியது ௴. அதற்குப் பிறகு ஓர் எண்ணும் நாளைக் குறிக்கும் ௳ குறியும் இருந்திருக்கும், சுண்ணாம்புக்கு அடியில் பாருங்கள்.

கொல்லம் ஆண்டு ஆவணியில், ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுவரை விழும் நாளுக்கு 825 கூட்டுங்கள், அதன் பின் டிசம்பர் வரைக்கும் 824. ஆனி என்பது ஜூன் நடு முதல் ஜூலை நடு வரை, ஆகவே 1078 ஆனி என்றால் 1903.

இப்போது ஆண்டுப் பெயர். சுபகிருது 1902 ஏப்ரலில் தொடங்கியது, சோபகிருது 1903 ஏப்ரலில். சுபகிருது ஆனி என்றால் கொல்லம் 1077 வரவேண்டும், சோபகிருது ஆனி என்றால் 1078. எனவே கடைசி எண் ௭ஆ ௮ஆ என்பதை மட்டும் மறுபடி உறுதி செய்யுங்கள். ௮ என்றால் பெயர் சோபகிருதுதான். இரண்டு கணக்கும் ஒரே ஆண்டில் வந்து விழுந்தால் அந்தத் தேதியை நம்பலாம்.

கொல்லம் எண் இல்லாமல் ஆண்டுப் பெயர் மட்டும் உள்ள கற்களில்தான் பெரிய ஆபத்து. சோபகிருது 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1843, 1903, 1963. நம் குடும்பங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவார்கள், இருவருக்கும் இடையே ஏறக்குறைய அதே இடைவெளி. பெயரும் ஒன்று, ஆண்டும் ஒன்று என்றாகி, பேரனின் கல்லைப் பாட்டனார் கணக்கில் எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. உங்கள் கல்லில் கொல்லம் எண் இருப்பது பெரிய பேறு. பக்கத்துக் கற்களைப் பார்க்கும்போது குரோதியையும் (1904–05) குரோதனவையும் (1925–26), விகாரியையும் (1899–1900) விக்ருதியையும் (1890–91) குழப்பிக்கொள்ள வேண்டாம். தேய்ந்த கல்லில் இவை மாறிப்போகும்.

1903இல் 62 வயது என்றால் பிறப்பு 1841 அளவில். ஆனால் கல்லில் உள்ள வயது துக்க வீட்டில் யாரோ சொன்னது. முன்னும் பின்னும் ஐந்தாறு ஆண்டு விட்டுத் தேடுங்கள்.

சேகரத்துப் பதிவேடு

தகப்பனார் பெயருக்கு முதலில் போகவேண்டிய இடம் சபைப் பதிவேடு. உங்கள் சபையிலேயே கேட்டுவிட்டு "இல்லை" என்றதும் திரும்பிவிடாதீர்கள். இன்று தனிச் சபையாக இருப்பது அன்று வேறொரு சபையின் கிளையாக இருந்திருக்கலாம். அப்படியானால் பழைய ஏடுகள் சேகரத்தின் (ஒரே ஆயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) தலைமைச் சபையில் இருக்கும். சேகர ஆயரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்: பெயர், கல்லில் உள்ள தேதி, எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. "எங்க தாத்தா பெயர் இருக்கா பாருங்க" என்று கேட்டால் யாராலும் தேடித் தர முடியாது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அடக்கப் பதிவேட்டில் 1903 ஜூன், ஜூலை. அடுத்து அவருடைய பிள்ளைகளின் திருமணப் பதிவு. அதன் பிறகுதான் ஞானஸ்நானப் பதிவேடு. பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் புதுப் பெயரோடு பழைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். 1841 பக்கத்தைப் புரட்டி எதுவும் இல்லையென்றால் அவர் வாலிப வயதில் சபையில் சேர்ந்தவராக இருக்கலாம், 1850களையும் 60களையும் பார்க்க வேண்டும். பெண்களின் கல்லில் பெரும்பாலும் "இன்னார் மனைவி" என்றுதான் இருக்கும். அவர்களுடைய தகப்பனார் பெயர் திருமணப் பதிவில்தான் கிடைக்கும்.

பதிவேட்டில் ௸ என்ற குறி வந்தால் "மேற்படி". மேல் வரியில் உள்ள ஊரோ பெயரோ இதற்கும் பொருந்தும் என்று பொருள். பக்கத்தின் முதல் வரி வரைக்கும் சேர்த்துப் படம் எடுக்காவிட்டால் வீட்டுக்கு வந்தபின் மேற்படி எது என்று தெரியாமல் நிற்க நேரும்.

சென்னையில் உள்ள திருமணப் பிரதிகளைத் தேடி அலைய வேண்டாம். சபைகளிலிருந்து பிரதிகள் அங்கே போவது 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, அது அன்று திருவிதாங்கூர்ப் பகுதிக்குப் பொருந்தவில்லை, கன்னியாகுமரி மாவட்டமோ 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம். சபையில் உள்ள ஏடுதான் மூலம். அது செல்லரித்துப் போனால் வேறெங்கும் கிடைக்காது. அதனால் உங்கள் பக்கத்தை மட்டும் எடுக்காமல், ஆயர் அனுமதித்தால் அந்த ஏடு முழுவதையும் படமெடுத்து ஒரு பிரதியைச் சபைக்கே கொடுங்கள்.

முன்னோர் உபதேசியாராகவோ மிஷன் பள்ளி ஆசிரியராகவோ இருந்திருந்தால் மட்டும் லண்டன் மிஷனரி சங்க ஆவணங்களைத் தேடலாம், லண்டன் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. சாதாரண சபையாரின் பெயர் அவற்றில் வருவது அபூர்வம்.

தெற்குத்தெரு

மிக்க நன்றி. கல்லில் அடைந்த சுண்ணாம்பை எடுக்க ஆசிட் ஊற்றலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். கோலமாவு தேய்த்தால் எழுத்து தெரியும் என்றும் ஒருவர் சொன்னார். சரியா?

கல்தச்சன்

இரண்டும் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஆசிட் சுண்ணாம்பை மட்டும் தின்னாது. பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான், எழுத்தின் விளிம்பும் சேர்ந்து கரையும். காரைக் கல்லறை என்றால் உள்ளே இறங்கிக் கட்டுமானத்தையே இளக்கிவிடும். கோலமாவு நுண்துளைகளில் தங்கும், அரிசி மாவு கலந்திருந்தால் பூசணமும் எறும்பும் வரும். கம்பித் தூரிகை, உப்புத்தாள், பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது.

முதலில் விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தாலோ பொடி உதிர்ந்தாலோ தொடாமல் படம் மட்டும் எடுங்கள். கல் உறுதியாக இருந்தால் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான நைலான் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து கறைக் கோடு விழும். எழுத்துக்குழியில் இறுகியதை ஈரமாக இருக்கும்போதே மூங்கில் குச்சியால் நெம்பலாம். ஆணியோ திருப்புளியோ பட்டால் புதிதாக ஒரு கீறல் விழும், நாளைக்கு அதையே ஓர் எண்ணாக வாசிப்பார்கள்.

பல நேரம் கழுவவே தேவையில்லை, வெளிச்சம் போதும். படுத்த கல்லை விடிந்த அரை மணி நேரத்திலோ மாலையிலோ, நிமிர்ந்த கல்லை வெயில் அதன் முகத்துக்கு நேரே விழாமல் உரசிக்கொண்டு போகும் நேரத்தில், பக்கவாட்டு வெயிலில் எடுங்கள். அந்த நேரம் வாய்க்காவிட்டால் ஒருவர் குடையால் நிழல் மறைக்க, இன்னொருவர் முகக்கண்ணாடியால் வெயிலை ஒரு பக்கத்திலிருந்து கல்லோடு ஒட்டிப் பாய்ச்சட்டும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி விழும்படி ஒவ்வொரு படம் தேவை. ஒரே திசை ஒளியில் படுத்திருக்கும் கோடு மறைந்துவிடும், ௭க்கும் ௮க்கும் வேறுபாடு அங்கேதான் தொலையும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வெள்ளையடித்து எழுத்துக்குக் கறுப்பு மையிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பெயிண்டர் தனக்குத் தெரிந்தபடி வாசித்து மையிட்டிருப்பார். மையும் குழியும் வேறுபட்டால் குழியை நம்புங்கள். அக்டோபருக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

முன்னாதாரம்

அந்தக் கிரயப் பத்திர நகலை இங்கே யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் உங்களிடம் உள்ள பெரிய ஆவணம். சொத்து எழுதிக்கொடுப்பவருக்குக் கைவந்த விதம் உள்ளே ஒரு பத்தியில் இருக்கும், முந்தைய ஆதாரத்தின் எண்ணும் ஆண்டும் அங்கே வரும். அந்த எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். அதற்குள் இன்னொரு எண் இருக்கும். இப்படியே பின்னால் போகலாம்.

இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது மட்டும் போதாது, மிகப் பழையவை அதில் இருக்காது. அதில் இல்லாததை நேரில் தேடுவதற்கு மனுப் போட வேண்டும். பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி அசையாச் சொத்துகள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அட்டவணை 1 ஆட்களின் பெயரால், அட்டவணை 2 சொத்தால் அமைந்தது. ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊரில் இரண்டாவதே நம்பகம். உயில் 3ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்தபின் அதன் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றிலும் மேலானது பாகபத்திரம். அண்ணன் தம்பி அத்தனை பேரும், தகப்பனார் பெயரும், மைனர்களின் வயதும் ஒரே இடத்தில் வரும். நான்கெல்லையையும் விடாதீர்கள், பக்கத்து நிலம் பெரும்பாலும் பங்காளியுடையது. பழையது மலையாள எழுத்தில் இருக்கலாம், தேதி கொல்லத்தில் இருக்கும். மதம் மாறுவதற்கு முந்தைய ஆவணம் ஏதும் சிக்கி, அதில் "காரணவர்" (குடும்பத் தலைவர்), "அனந்தரவர்" (அவருக்குக் கீழுள்ள வாரிசு) என்று வந்தால் கவனம் தேவை. மருமக்கள் வழியில் (தாய்வழிச் சொத்துரிமை முறை) அனந்தரவர் மகனாக இருக்கமாட்டார், சகோதரியின் மகனாக இருக்கலாம். நாஞ்சில் வேளாளருக்கு அந்த முறையைச் சட்டம் மாற்றியதே 1926இல்தான்.

கண்ணாடிச்சட்டம்

படத்தைப் பற்றிச் சுருக்கமாக. அட்டையை அளந்து பாருங்கள். சுமார் நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை இருந்தால் அது கேபினட் அளவு, 1860களின் பிற்பாதியில் வந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பெருவழக்காக இருந்தது. காதில் பாம்படம் இருப்பதை வைத்துக் காலம் சொல்லாதீர்கள், வயதானவர்கள் பல பத்தாண்டுகள் பின்னாலும் அணிந்தார்கள். அட்டையின் அடியிலும் பின்புறமும் உள்ள ஸ்டுடியோ பெயர், ஊர், பென்சில் எழுத்து ஆகியவற்றையே முதலில் படமெடுங்கள். படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் உரிக்க வேண்டாம், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ, டிஃப் கோப்பாக. லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே கூடாது.

பின்புறத்தில் பெயர் ஏதும் இருந்தால் அந்த எழுத்தை இங்கே போடுங்கள். திருமணப் பதிவில் தேடுவதற்கு அந்த அம்மாவின் பெயர் வேண்டும்.