காமன் ஆப் கட்டுரையில் கடவுள் மறுப்பு எழுதலாமா?

கேள்வி: அமெரிக்க இளநிலைப் படிப்புக்கு, பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் வழியாக விண்ணப்பிக்கிறேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தியதைப் பற்றி எழுதினால் அடிபடுமா? என் கல்லூரிப் பட்டியலில் நோத்ர டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலையும் இருக்கிறது.

பதில் 1: தலைப்பு கெடுக்காது, தொனிதான் கெடுக்கும். இருப்பதே 650 சொல். மதத்தைத் திட்டவே 400 போனால் உங்களைப் பற்றி என்ன மிஞ்சும்? பாட்டி நீட்டிய திருநீற்றைப் பூசாமல் கையிலேயே வைத்திருந்த நிமிடம் மாதிரி ஒரு காட்சியில் தொடங்குங்கள். வாதம் 100 சொல்லுக்குள். மீதியெல்லாம் அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான்.

பதில் 2: நோத்ர டேம் கத்தோலிக்கப் பல்கலைதான். அதற்காக மறைக்க வேண்டாம், கேலி மட்டும் கூடாது. உறுத்தினால் அங்கே வேறு கட்டுரை போடுங்கள். ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகும் அடுத்ததற்கு மாற்றலாம். ஏற்கெனவே அனுப்பியது மட்டும் அனுப்பியதுதான்.

பதில் 3: உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இவர் எப்படிப்பட்டவர்?" என்று கேளுங்கள். "கோபக்காரர்" என்று வந்தால் திரும்ப எழுதுங்கள்.