2007 சான்ட்ரோவுக்கு 38,000 செலவு: செய்யலாமா, தள்ளிவிடலாமா?

கோரிமேட்டுக்காரன்
அனைவருக்கும் வணக்கம். அப்பா 2007-ல் வாங்கிய சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சேலத்துக்குள் தினமும் ஆபீஸ், அவ்வப்போது ஏற்காடு தாண்டி நாகலூரில் மாமனார் வீடு, எப்போதாவது பெங்களூர். கோடை விழா சமயத்தில் மலை ஏறும்போது முன்னாலும் பஸ், பின்னாலும் பஸ். பாதி கிளட்சில் ஊர்ந்ததில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி ஆறவைத்து வந்து சேர்ந்தோம்.

பட்டறையில் கொடுத்த எஸ்டிமேட்: கிளட்ச் செட் 7,500, ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட் 6,500, முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் இரண்டும் முன் ஷாக்கும் 9,000, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 5,000, ஏ.சி. கூலிங் காயில் 10,000. மொத்தம் 38,000. எக்ஸ்சேஞ்சில் கேட்டால் 45,000 தருகிறேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

வரவுசெலவு
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 45,000 பெறும் வண்டிக்கு யாராவது 38,000 போடுவார்களா? போட்ட பிறகு 83,000-க்கு விற்குமா? அப்போதும் அதே 45,000தான் கேட்பார்கள்.

இன்னொன்று. 2022-ல் ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், 5,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் அது வெறும் 600. அடுத்து 2027. அப்போது வண்டிக்கு 20 வயது தாண்டிவிடும். 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000. பழைய வண்டிக்கான கிரீன் டாக்ஸ் தனி. பழைய வண்டி வேண்டாம் என்று அரசாங்கமே ஜாடையாகச் சொல்கிறது. இப்போதே கொடுத்துவிடுங்கள்.

பழைய_சாவி
வரவுசெலவு சார், தப்பான இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடக் கூடாது. இந்த வண்டி இல்லாவிட்டால் என்ன செலவாகும் என்பதோடு ஒப்பிடணும்.

5 லட்சம் கடன், 9 சதவீதம், 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,400. நாலு மாதத் தவணைக்குள் இவருடைய முழு எஸ்டிமேட்டும் அடங்கிவிடுகிறது. ஆயுள் வரியை மறந்துவிட்டீர்கள்: தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 6 லட்சம் வண்டிக்கு 78,000 ரூபாய் ஷோரூம் வாசலிலேயே போய்விடும். சான்ட்ரோவுக்கு அதை அவர் அப்பா எப்போதோ கட்டிவிட்டார்.

புது வண்டி சொத்து என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்சூரன்ஸுக்கு மதிப்புப் போடும் அட்டவணையிலேயே 5 வருடத்தில் பாதி விலை கழிந்துவிடும்.

நான் பழைய மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறேன். எந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எஸ்டேட் ரோட்டில் காப்பிச் செடி உரசினால் மனசு பதறுவதில்லை. லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர் இடித்துவிட்டால், "பார்த்துங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். இந்த நிம்மதிக்கு விலை போடத் தெரியாதவர்கள்தான் கணக்குப் போடுகிறார்கள்.

வரவுசெலவு
நிம்மதியா? மே மாத வெயிலில் வளைவில் பானெட்டைத் திறந்துவைத்து நின்றவரிடம் சொல்லிப் பாருங்கள்.

38,000 கடைசிச் செலவு என்று யார் சொன்னது? அடுத்து ஆல்டர்னேட்டர், சைலன்சர், கதவடியில் துரு. டிங்கரிங் என்று உள்ளே விட்டால் எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது. வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கு ஆட்டோ வாடகை, லீவு எல்லாம் யார் கணக்கில்? தவணை என்பது முன்கூட்டியே தெரிந்த தொகை. பழைய வண்டி எப்போது, எவ்வளவு கேட்கும் என்று தெரியாது. சம்பளக்காரனுக்கு அதுதான் பெரிய பிரச்சினை.

ஆத்தூர்_ரோடு
15 வருடம் ஆனால் வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுத்தே ஆகணும் என்கிறார்களே?

பழைய_சாவி
தம்பி, அது டெல்லி வட்டாரத்துக் கதை. அங்கே டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று கெடு வைத்தார்கள், அதுவும் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருக்கிறது. நம்மூரில் சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ.வில் காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். வண்டி நன்றாக இருந்தால் போதும்.

சூரமங்கலம்_அம்மா
எல்லோரும் ரூபாயிலேயே நிற்கிறீர்கள். கோரிமேட்டுக்காரரே, உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா? ஏ.பி.எஸ்.? வீட்டில் குழந்தைகள் உண்டா?

கோரிமேட்டுக்காரன்
இரண்டும் இல்லைங்க. பெண் குழந்தைகள் இரண்டு பேர், பின் சீட்டில்தான் உட்காருவார்கள்.

சூரமங்கலம்_அம்மா
2019-க்குப் பிறகு விற்கிற எல்லாக் காரிலும் ஏ.பி.எஸ்., டிரைவருக்கு ஏர்பேக் இரண்டும் கட்டாயம். ஒரு சாதாரண செகண்ட் ஹேண்ட் 2020 மாடலில்கூட இருக்கும். இது ஆடம்பரம் இல்லை.

பழைய_சாவி
ஏற்காட்டு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. முப்பதுக்கு மேல் யாரம்மா போகிறார்கள்? நிதானமாக ஓட்டுகிறவனுக்கு அவன் நிதானம்தான் ஏர்பேக்.

சூரமங்கலம்_அம்மா
அண்ணா, மலையை விடுங்கள். பெங்களூர் போகிறேன் என்கிறார். தொப்பூர் கணவாய் வழியாகத்தான் போகணும். திரும்பி வரும்போது அந்த இறக்கத்தில் பின்னால் வருகிற லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனால் உங்கள் நிதானம் என்ன செய்யும்? அங்கே நடந்த விபத்துகளைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு ரிப்பேர் செய்தாலும் 2007 வண்டியின் பாடி 2007 பாடிதான்.

பழைய_சாவி
லாரி வந்து ஏறினால் புது வண்டியும் அப்பளம்தான்.

சூரமங்கலம்_அம்மா
எல்லா விபத்திலும் லாரி ஏறுவதில்லை. முன்னால் திடீரென்று நிற்கிற வண்டிக்கு நாம் பிரேக் அடிக்கும்போது வீல் லாக் ஆகாமல் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடிவதற்குத்தான் ஏ.பி.எஸ். கூட்டிக் கழித்துப் பேசாதீர்கள்.

பட்டறைப்பையன்
இடையில் வருவதற்கு மன்னிக்கணும். எஸ்டிமேட்டை மறுபடி பார்த்தேன். 38,000-ல் பிரேக்குக்கு ஒரு ரூபாய்கூட இல்லையே! மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு ஏ.சி. காயில் பத்தாயிரம் எழுதியவர் பிரேக் ஆயிலை எழுதவில்லை.

அண்ணா, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதித்துவிடும். மேலேயிருந்து வரும்போது மூன்றாவது கியரில் விட்டுவிட்டு, அடிவாரம் வரைக்கும் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறார்கள். டிஸ்க் சூடு ஆயிலுக்கு ஏறி உள்ளே குமிழ் கட்டும். அப்புறம் பெடல் மெத்தென்று தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கணும். பெட்ரோல் மிச்சம் என்று சிலர் இன்ஜினையே ஆஃப் பண்ணிவிட்டு வருகிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டருக்கு வேக்குவம் இல்லை. இரண்டு மூன்று மிதிக்கு அப்புறம் பெடல் அசையாது. இதற்குப் புது வண்டி பழைய வண்டி வித்தியாசம் கிடையாது.

ரேடியேட்டருக்கு வருகிறேன். கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணியை ஊற்றி ஓட்டுவதுதான் பாதி வண்டிக்கு எமன். மூடியைத் திறந்தால் கழுத்தோரம் வெள்ளைப் பொருக்கு, விரலை விட்டால் துருச் சகதி. டியூப் பாதி அடைத்திருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் ஊரும்போது லோடு அதிகம், எதிர்க்காற்று கிடையாது. முள் ஏறத்தானே செய்யும்?

இப்போது முக்கியமான விஷயம். முள் சிவப்பைத் தொட்டது என்கிறீர்கள். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆயில் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த மாதிரி வழுவழு என்று ஒட்டியிருந்தால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு (ஹெட் கேஸ்கட்) போய்த் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகப்படணும். ஹெட்டை இறக்கி லேத்தில் மட்டம் பார்த்து மாட்டுகிற அளவுக்குப் போனால், வரவுசெலவு சார் சொல்வதுதான் சரி, வண்டியைக் கொடுத்துவிடுங்கள். ஆயில் சுத்தமாக இருந்தால் ரேடியேட்டர், பெல்ட், கிளட்ச், பிரேக் முதலில். லோயர் ஆர்ம் முழுசாக மாற்றணுமா, அதிலிருக்கும் ரப்பர் புஷ் மட்டும் போதுமா என்று கேளுங்கள். ஏ.சி.யை அடுத்த வருடம் பார்க்கலாம். டைமிங் பெல்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினைப் பிரிக்கிற வேலையாகிவிடும்.

பெட்ரோல் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளின் ரப்பர் எல்லாம் அதற்கென்று செய்தது இல்லை. உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

ஐகான்_2005
உங்களுக்காவது சான்ட்ரோ. எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். என்னுடையது ஃபோர்டு ஐகான். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து நான் ஒரு சாமானுக்கு ஊர் ஊராக போன் போடுகிறேன். பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பழைய வண்டி என்று கேட்கணும்.

வரவுசெலவு
பட்டறைப்பையன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். ஆயில் மூடி சுத்தமாகவே இருக்கட்டும். இன்சூரன்ஸில் என்ன வரும்? பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இரும்பு பாகத்திலேயே பாதி கழித்துத்தான் கிளெய்ம் தருவார்கள், பிளாஸ்டிக்கும் பாதி. ஒரு பம்பர் போனாலும் கைக்காசுதான். இதையும் பழைய_சாவி அவருடைய நிம்மதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பழைய_சாவி
நான் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போடுகிறேன். 1,000 முதல் 1,500 சி.சி. வரைக்கும் வருடத்துக்கு 3,416, வரி தனி. புது வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வாருங்கள் சார்.

கோரிமேட்டுக்காரன்
ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. கம்ப்ரஷன் சனிக்கிழமை பார்க்கிறார்கள். சரியாக இருந்தால் ஏ.சி.யை விட்டுவிட்டு மற்றதைச் செய்கிறேன், பிரேக் ஆயில், பிரேக் பேட் சேர்த்து. ஏ.சி.க்கு வைத்த பத்தாயிரத்தில் பிரேக் வேலை போக மிச்சம் இருக்கும். பெங்களூருக்கு இனிமேல் குடும்பத்தோடு ரயில்தான், இதில் சூரமங்கலம் அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

சூரமங்கலம்_அம்மா
நாகலூருக்கும் அதே குழந்தைகள்தானே வருகிறார்கள்? 2027 வரைக்கும் இழுக்காதீர்கள். இப்போதிருந்தே ஒரு 2020 மாடல் பார்த்துவையுங்கள்.

வரவுசெலவு
அதுவரை செலவை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், ஆட்டோ வாடகையோடு. பழைய_சாவியும் எழுதினால் நல்லது.

பழைய_சாவி
எஸ்டீம் நோட்டு என்னிடம் 1999-லிருந்து இருக்கிறது. ஆட்டோ வாடகை மட்டும் எழுதியதில்லை.