‘திராவிடம்’ கால்டுவெல் உருவாக்கிய சொல்லா?

கேள்வி (வாசகன்):
1856-இல் பாதிரியார் கால்டுவெல் தென்னிந்திய மொழிகளுக்கு எழுதிய ஒப்பிலக்கணத்துக்கு முன்பு ‘திராவிடம்’ என்ற சொல்லே இல்லை என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு தமிழ் நூல்களில் அச்சொல் வழங்கியதா? வழங்கியது என்றால் எப்பொருளில்?

வைகைக்கரை:
வழங்கியது ஐயா. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பாடிய தனியனில் (போற்றிப் பாடலில்) வைணவ ஆசாரியர் நாதமுனிகள் அந்நூலைத் ‘திராவிட வேத சாகரம்’ என்றே போற்றுகிறார். வடமொழியில் வல்லவன் எதிர்ப்பட்டால் எல்லாம் திராவிடத்திலே உள்ளது என்று வாதிடுவேன் எனக் கல்லாதவரை உயர்த்திப் பாடும் இடத்தில் தாயுமானவர் சொல்லும்போதும், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் வரைந்த பேருரை ‘திராவிட மாபாடியம்’ எனப்படும்போதும், அச்சொல் தமிழ் மொழியை மட்டுமே குறிக்கிறது. இனம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. பாலியில் ‘தமிள’ என்றும் சமண வழக்கில் ‘திரமிள’ என்றும் இதே பெயர் காணப்படுவதால், ‘தமிழ்’ என்பதே திரிந்து ‘திராவிடம்’ ஆயிற்று என்று கொள்வோர் பலர். கால்டுவெல்லோ இதற்கு நேர்மாறாக, திராவிடத்திலிருந்தே தமிழ் என்ற பெயர் வந்தது என்றார்.

ஏட்டுச்சுவடி:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இலேயே சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் நிறுவிவிட்டார். அக்குடும்பத்துக்கு இப்பெயரை நிலைநிறுத்தியதே கால்டுவெல்லின் பணி. இன்னொரு பழைய வழக்கும் உண்டு: விந்தியத்துக்குத் தெற்கே வாழ்ந்த பிராமணர்களைப் ‘பஞ்ச திராவிடர்’ என்றும், வடக்கே வாழ்ந்தோரைப் ‘பஞ்ச கௌடர்’ என்றும் பிரித்தார்கள். பஞ்ச திராவிடர் என்ற ஐந்து பிரிவுகளில் கூர்ச்சரரும் (குஜராத்தியரும்) மராட்டியரும்கூட அடங்குவர். பிற்காலத்தில் பிராமணரல்லாதாரின் அடையாளமாகிய பெயர், ஒரு காலத்தில் பிராமணர்களுக்குள்ளேயே ஒரு பிரிவின் பெயராக இருந்தது என்பதை விவாதிப்போர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நீலகிரியான்:
அடையாளமாக மாறிய இடத்தைப் பேசும்போது எல்லோரும் 1944-க்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1885-இல் ஜான் ரத்தினம் ‘திராவிட பாண்டியன்’ இதழை நடத்தினார். அதில் உடன் நின்ற அயோத்திதாசப் பண்டிதர் 1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். ஒடுக்கப்பட்ட மக்களை இந்நிலத்தின் தொல்குடிகளாகத் தலைநிமிரச் செய்ய அவர்கள் அச்சொல்லைக் கையாண்டார்கள். அவர்களை விட்டுவிட்டு இவ்வரலாற்றை எழுதுவது பெரும் அநீதி. பிராமணரல்லாதாருக்கான நீதிக்கட்சி 1944-இல் சேலம் மாநாட்டில் ‘திராவிடர் கழகம்’ ஆனது. 1949-இல் அண்ணா தொடங்கிய கட்சியின் பெயரிலோ ‘திராவிடர்’ இல்லை, ‘திராவிட’ என்றே இருக்கிறது. அந்த ஒற்றை ‘ர்’ நீங்கியதால், மக்களினத்தைச் சுட்டிய பெயர் நிலத்தைச் சுட்டி, அந்நிலத்தில் வாழும் எவரையும் உட்கொள்ள இடம் தந்தது.