மூளை லிம்ஃபோமா: ஆய்வில் சேர ஸ்டீராய்டைக் குறைப்பது எப்படி?

என் அண்ணனுக்கு (வயது 58) மூளையில் தோன்றும் அரிய வகை லிம்ஃபோமா (நிணநீர் செல்களின் புற்றுநோய்) மீண்டும் வந்துவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன்பு பேச்சுக் குழறலும் வலக்கைத் தளர்ச்சியும் தொடங்கின. இடது முன்மடலில் இருந்த கட்டியை பயாப்சி செய்ததில் பெரிய பி செல் வகை என உறுதியானது. ரிட்டுக்சிமாப்புடன் உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை ஆறு சுற்று கொடுத்ததில் எம்ஆர்ஐ ஸ்கேன் தெளிந்தது. ஆனால் கடைசிச் சுற்றில் கிரியேட்டினின் (சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் உயரும் கழிவுப்பொருள்) ஏறியதால் அதே மருந்தைத் திரும்பத் தர மருத்துவர்கள் தயங்குகிறார்கள். கதிர்வீச்சு முதியவர்களின் நினைவாற்றலைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவரும் அதைத் தள்ளிப்போடவே சொன்னார்.

இப்போது கீமோவுடன் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துச் சோதிக்கும் ஆய்வில் இடம் இருக்கிறது. இம்யூனோதெரபி தூண்டிவிடும் டி செல்களை (நோயெதிர்ப்புச் செல்கள்) ஸ்டீராய்டு அடக்கிவிடும் என்பதால், மூளை வீக்கத்துக்காக அண்ணன் எடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர்களின் நிபந்தனை, நியாயமானதுதான். 8 மில்லிகிராமிலிருந்து இரண்டு முறை குறைத்துப் பார்த்தோம். 4 மில்லிகிராமுக்கு வந்ததுமே அவர் கையிலிருந்து பேனா நழுவுகிறது.

இதே நிலையைக் கடந்தவர்கள், எந்த வேகத்தில், வேறு எந்த மருந்தின் துணையோடு டெக்ஸாமெத்தசோனைக் குறைத்தீர்கள்?