கேப் யார்க் விண்கற்கள்: பியரி செய்தது கண்டுபிடிப்பா, திருட்டா?

வடகாற்று:
கிரீன்லாந்தின் கேப் யார்க் பகுதியில் கிடந்த மூன்று இரும்பு விண்கற்களைத் தேடி அமெரிக்க ஆர்க்டிக் பயணி பியரி 1894-ல் போய், 1897-க்குள் எல்லாவற்றையும் கப்பலேற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விட்டார். பெரியது அனிகிட்டோ 31 டன், ‘பெண்’ 3 டன், ‘நாய்’ 400 கிலோ. 1909-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கொடுத்த விலை 40,000 டாலர், இடத்தைக் காட்டிய இனூயிட் (அந்தப் பகுதிப் பூர்வகுடி) வழிகாட்டிக்குக் கிடைத்தது ஒரு துப்பாக்கி. என்னைக் கேட்டால் திருட்டு.

பாறைப்பித்தன்:
துப்பாக்கிக் கணக்கு அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1818-ல் பிரிட்டிஷ் கடற்பயணி ஜான் ராஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வெளிக் கப்பல்களிடமிருந்து இரும்பு வரத் தொடங்கிவிட்டது, விண்கல்லைத் தட்டி இரும்பு எடுக்கும் தேவை இனூயிட்டுகளுக்குக் குறைந்துவிட்டது. அப்புறம், அறிவியல் என்று ஒன்று இருக்கிறதே. அதே பகுதியில் 1963-ல் டென்மார்க் ஆய்வாளர் புக்வால்ட் கண்டெடுத்த அக்பாலிலிக் என்ற 20 டன் விண்கல்லை கோபன்ஹேகனில் அறுத்து மெருகேற்றினார்கள். அறுத்ததால்தான் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பட்டைகள் தெரிந்தன, நிக்கல் கலந்த இரும்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறினால்தான் அந்தப் பட்டை விழும்.

வடகாற்று:
தேவை குறைந்தால் உரிமையும் போய்விடுமா? ‘பெண்’ணைச் சுற்றிச் சம்மட்டிக் கற்கள் குவியலாகக் கிடந்தன, வேறிடத்திலிருந்து சுமந்து வந்த எரிமலைக் கற்கள். உலையும் இல்லை, விறகும் இல்லை. அந்தக் குளிரில் இரும்பைக் கல்லால் தட்டித் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்து, எலும்புப் பிடியில் பதித்துக் கத்தி செய்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் சவிசிவிக்கின் பெயரே இரும்பு கிடைக்கும் இடம் என்பதுதான். 1897-ல் கல்லோடு ஆறு இனூயிட்டுகளையும் பியரி கூட்டிப்போனார், அதில் நான்கு பேர் நியூயார்க்கில் நோயில் இறந்தார்கள், அவர்கள் எலும்புகள் ஊர் திரும்பியது 1993-ல்.

பாறைப்பித்தன்:
எலும்பு விஷயத்தில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் கல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள்? அனிகிட்டோவைத் தாங்கும் தூண்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் அடிப்பாறை வரை இறங்குகின்றன.

மீன்கொத்தி:
சரி, அனிகிட்டோ அங்கேயே இருக்கட்டும். ‘பெண்’ 3 டன், இன்றைக்கு ஒரு லாரி தூக்கிவிடும். அதன் உடம்பெல்லாம் அந்த மக்கள் தட்டிய தழும்பு. அதையாவது சவிசிவிக் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டுமே.